மலையில் அவிழ்த்த துண்டு

ஜனவரி 6, 2025, திங்கள்
காற்று. வள்ளம் கடலில் இறங்கவில்லை. மத்தியானம் சோறு வைத்துவிட்டு என் வீட்டுக்காரி குளோரி மெதுவாகச் சொன்னாள்: மகள் அபினா, கூட வேலை பார்க்கும் பிரதீஷைத்தான் கட்டுவாளாம். கொட்டாரம் ஊர்ப் பையன். அய்யாவழிக் குடும்பம், நாங்களோ கிறிஸ்தவர்கள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நல்ல நெத்திலிக் குழம்பு, வீணாகப் போயிற்று.

ஜனவரி 7
கரையில் உட்கார்ந்து நாள் முழுக்க வலையைத் தைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்
அபினா வந்து நின்றாள். "அப்பா, ஒரு தடவ அவருக்க அப்பாவப் போய்ப் பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் வாய் தொறக்க மாட்டேன்."

அப்படியா? சரி. மூஞ்சிக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

ஜனவரி 11, சனி
பிரதீஷின் அப்பா கிருஷ்ணமணி, மலைமேல் அய்யாவின் கோயிலான நிழல்தாங்கலில் விளக்கு வைப்பவர். ஏறுவதற்குள் முட்டி இரண்டும் கழன்றுவிட்டது. வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தேன். சுற்றிலும் பாறை, காற்று, ஆளே இல்லை. தூரத்தில் நம்ம கடல். இத்தனை உயரத்திலிருந்து அதை நான் பார்த்ததே இல்லை.

சண்டைக்குத்தான் போனேன். ஆனாலும் சாமி இடம் அல்லவா — நம்ம மாதா கோயிலில் தலைத்துண்டோடு யாரும் நுழைவதில்லை. கை தானாக அவிழ்த்துவிட்டது. அவர் பதறி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, துண்ட எடுக்காண்டாம்! இங்க ஆம்பளைய தலையில கட்டிட்டுதான் நிக்கணும். சட்டையத்தான் கழத்தணும்."

வெட்கமாகிவிட்டது. திரும்பக் கட்டினால் நிற்கவில்லை. அவரே கட்டிவிட்டார்.

"ஒரு காலத்துல நம்ம ஆளுவ தலையில துண்டு கட்டப்பிடாதுன்னு மேல்சாதிக்காரனுவ வச்சிருந்தானுவ. அய்யாதான் கட்டச் சொன்னாரு."

உள்ளே சிலை இல்லை. விளக்கு, ஒரு கண்ணாடி. அதில் தலைப்பாகையோடு நான். நெற்றியில் நாமம் வேண்டாம் என்றேன், அவர் வற்புறுத்தவில்லை. கஞ்சி தந்தார், குடித்தேன்.

"ஒங்க மக அவ கோயிலுக்கே போட்டும் அண்ணாச்சி. மாறச் சொல்ல மாட்டோம்."

கொண்டுபோன பதிலை நான் சொல்லவே இல்லை. ஏன்? கோபமாக இருக்கத்தான் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு
"சரி மக்களே" என்றேன். அபினா அழுதுவிட்டாள். நானும்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு
பூசையில் அபினாவின் கல்யாண ஓலையை, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு, முதல் தடவையாக வாசித்தார்கள். அதைக் கேட்கக் கிருஷ்ணமணி வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை எடுத்து, பயபக்தியோடு தலையில் கட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உபதேசியார் யேசுரத்தினம் என் காதருகே வந்தார். "ஜஸ்டஸ், அவர அந்தத் துண்ட எடுக்கச் சொல்லும்."

"எடுக்காண்டாம் ஓய்" என்றேன். கிருஷ்ணமணியை முன்வரிசைக்குக் கூட்டிப்போய் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.