இரண்டாம் ஷிப்டை வீட்டுக்கு அனுப்பி வைக்கும்படி

அனுப்புநர்:
மருந்துக் கடையில் பில் போடுபவள்,
ஐஸ் ஆலையில் இறந்துபோன ஆபரேட்டர் ‘மப்ளர்’ என்பவரின் மனைவி,
ஆலைக்கு எதிர்த் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
தொழிற்சாலைகள் ஆய்வு அதிகாரி அவர்கள்,
(சீல் வைத்த ஆலையின் சாவி தங்கள் பொறுப்பில் உள்ளது.)

பொருள்: மூடிய ஆலையின் வாசலில் தினமும் மாலையில் கூடுவோரைக் கலைந்துபோகச் செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனுவும், அதைத் திருப்பி அனுப்பிய தங்கள் அலுவலகக் குறிப்பும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டாக்டர்களின் கையெழுத்தையே தடங்கலின்றிப் படிக்கும் எனக்குத் தங்கள் அலுவலகக் குறிப்பைப் படிக்க ஒரு பொழுது ஆயிற்று. ‘எதிர்மனுதாரர் அமைப்பின் பெயர் குறிப்பிடப்படவில்லை’ என்பது அதன் சாரம் என அறிகிறேன். பெயரை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அவர்களைச் சங்கம் என்று எழுத முடியவில்லை. சங்கம் ஒன்று இருந்தது. ஆலை மூடியதும் அது இரண்டாக உடைந்தது, இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் அந்த இரு தரப்பு ஆட்களும் வாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். போராட்டக் குழு என்றால் கோரிக்கை வேண்டும். இயக்கம் என்றால் கொடியோ கோஷமோ வேண்டும். கூட்டணி என்று எழுதலாமென்றால் பங்கு பிரித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. காவல் நிலையத்தில் ‘கும்பல்’ என்று எழுதிக்கொண்டார்கள். நேரில் வந்து பார்த்த ஏட்டு, அந்தச் சொல்லைத் தாமே அடித்துவிட்டார். “கும்பல்னா ஒரு அதட்டல்ல கலைஞ்சிடும்மா. இது வேற,” என்றார். கடைசியில் ஆலையின் பழைய வாட்ச்மேனையே கேட்டேன். “நாங்க ஷிப்ட்டு, அண்ணி. வேற என்ன பேரு?” என்றார். ஆகவே அமைப்பின் பெயர் ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

3. அந்த ஷிப்டின் வழக்கத்தைத் தாங்கள் அறிய வேண்டும். வேலை முடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். வாட்ச்மேன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் “வந்தாச்சு” என்பார்கள். அனைவரும் வெளியே வந்த பிறகே குளிர் அறையைப் பூட்டி, சைரனை ஒலிக்கவிடுவார்கள். சைரன் கேட்காமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. கோடையிலும் கழுத்தில் மப்ளரோடு திரியும் என் கணவர் மட்டும் “வந்தாச்சு, பூட்டிக்கோ” என்பார். வீட்டுக்குள் நுழையும்போது என்னிடமும் அதையே சொல்வார். யாராவது கை கழுவப் போயிருந்தால் பக்கத்தில் இருப்பவர் அவருக்காகக் குரல் கொடுப்பதும் வழக்கம்தான். என் கணவரைப் போலப் பேசிக்காட்டத் தெரியாதவர் அந்த ஷிப்டில் ஒருவரும் இல்லை.

4. அன்று மாலை மின்சாரம் போயிருந்தது. இருட்டில் பெயர் கூப்பிட்டார்கள். என் கணவரின் முறை வந்தபோது “வந்தாச்சு, பூட்டிக்கோ” என்று குரல் கேட்டது. பூட்டினார்கள். மின்சாரம் இல்லாததால் சைரன் ஒலிக்கவில்லை, இருந்தும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அவரைக் குளிர் அறைக்குள் கண்டெடுத்தார்கள். குரல் கொடுத்தது யார் என்று தாங்களே விசாரித்தீர்கள். நான் இல்லை என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். நானாக இருக்குமோ என்று அத்தனை பேருக்கும் உள்ளுக்குள் சந்தேகம் என்பது என் எண்ணம். வாட்ச்மேன் மட்டும் அது மப்ளரின் குரலேதான் என்கிறார்.

5. ஆலைக்குச் சீல் வைத்த அன்று மாலை அவர்கள் மரியாதைக்காக வாசலில் கூடினார்கள். வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் பெயர் கூப்பிட ஆரம்பித்து, என் கணவரின் பெயரையும் சேர்த்தே கூப்பிட்டுவிட்டார். பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து பதில் வந்தது. என் வீட்டு ஜன்னலில் நின்று நானும் கேட்டேன். என்னை ஆறுதல் தேடும் மனநிலையில் உள்ளவள் என்று தங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அன்றிலிருந்து அவர்கள் தினமும் வருகிறார்கள். “அவன் உள்ள இருக்கும்போது நாங்க எப்படி அண்ணி வீட்டுக்குப் போறது?” என்று கேட்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள். என் வீட்டுக் குழாய் கசிந்தால் இன்றும் அவர்கள்தான் ஓடிவருகிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் என்றால் என்றைக்கோ சலித்துப் போயிருப்பார்கள்.

6. இப்போது வெயில் கொளுத்துகிறது. ஷிப்டில் எல்லோரும் மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால் குளிருகிறது என்கிறார்கள். அவர்கள் பேசும்போது வாயிலிருந்து புகை வருவதைத் தெருவில் போகிறவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

7. இதுவரை சொன்னவற்றை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரே மகள், கல்லூரி மாணவி. அப்பா குரலைக் கேட்க ஒருநாள் போய்வருகிறேன் என்று இறங்கிப் போனாள். அவளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவளும் “வந்தாச்சு” என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போவதில்லை, மாலையானால் அவர்களோடு போய் நிற்கிறாள். சூடாக எதைக் கொடுத்தாலும் ஆறட்டும் என்று வைத்துவிடுகிறாள். நேற்று தலை வாரிவிட்டேன். கழுத்து ஜில்லென்று இருந்தது. கணவரைக் கொடுத்துவிட்டேன் ஐயா, மகளைக் கொடுக்க என்னால் முடியாது.

8. தடியடியோ வழக்கோ நான் கேட்கவில்லை. அந்த ஷிப்ட் இன்னும் முடியவில்லை, அதுதான் குறை. தாங்கள் ஒரு மாலை சாவியோடு வந்து வாசலைத் திறந்து, அந்தச் சைரனை ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்திருப்பது எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன் ஷிப்டிலேயே நிற்கிறார், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் சொன்னாலும் நகராதவர்கள் சைரன் சொன்னால் கேட்பார்கள். என் மகளும் அவர்களைப் போல வீட்டுக்கு வந்துவிடுவாள்.

9. சைரன் ஒலித்து, எல்லோரும் போன பிறகும் உள்ளிருந்து அந்தக் குரல் வருமானால் தாங்கள் கவலைப்பட வேண்டாம், கதவை மட்டும் பூட்டாமல் விட்டுச் செல்லுங்கள். அதற்குமேல் அது ஷிப்டு விவகாரம் அல்ல, எங்கள் குடும்ப விவகாரம். நானே உள்ளே போய், அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவேன். தங்களுக்கு மறுபடி எழுதித் தொந்தரவு தர மாட்டேன்.

தங்கள் வருகையை ஜன்னலில் நின்று எதிர்பார்க்கும்,

(கையொப்பம்)
மப்ளரின் மனைவி

இடம்: ஆலைக்கு எதிர்த் தெரு
நாள்: திங்கட்கிழமை, மகள் கீழே இறங்கிப் போன பிறகு