பொதுவாக எழுதப்பட்ட விதி

மார்ச் 4, சனி

இன்று கதை வாசிக்கவில்லை. நூலகத்தின் குழந்தைகள் அறையில் சனிக்கிழமை பதினோரு மணி ஒன்பது வருடமாக என்னுடையது. இன்று கதவில் ஒரு தாள்: "பதினெட்டு வயது நிரம்பிய ஆண்கள் எவரும் இவ்வறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்." கீழே நூலகச் செயலாளர் அம்மாவின் கையெழுத்து.

"யாராவது புகார் சொன்னாங்களாம்மா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஐயோ, உங்க மேல ஒண்ணும் இல்ல சார். குழந்தைங்க பாதுகாப்புக்கு ஒரு முன்னெச்சரிக்கை. உங்களை மட்டும் சொன்ன மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் பொதுவா எழுதினேன். நீங்க வெளிய உக்காந்து பதிவேடு பார்த்துக்குங்களேன்."

சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 5

போன மாதம் ஒரு சிறுமியின் செருப்பு வாரை மாட்டிவிட்டேன். அதுவா? நினைவுக்கு வந்ததையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாதவன் எதற்குப் பட்டியல் போடுகிறேன்?

மார்ச் 7

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "எங்க பயம் உங்களுக்குப் புரியாதுப்பா. நூத்துல அந்த ஒருத்தன் யாருன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?"

அதுக்காக நூறு பேர் நெத்தியிலயும் எழுதிடலாமா? – பேசி வைத்த பிறகுதான் வாயில் வந்தது. வழக்கம்போல.

பிறப்பை வைத்து ஆளை எடைபோடாதே என்பதுதானே இந்தப் பெண்கள் போட்ட சண்டை? நியாயமான சண்டை. இவளைப் படிக்க வைக்க என் அண்ணனோடு பேச்சையே முறித்துக்கொண்டவன் நான். தராசு தங்கள் கைக்கு வந்ததும் அதே பொய்த் தட்டில் எங்களை நிறுத்துகிறார்கள். செயலாளர் அம்மா மாதம் ஒரு கூட்டத்தில் சமத்துவம் பேசுவார். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். மடையன்.

மார்ச் 11, சனி

மகளை அழைத்துப்போக வந்த ஓர் அப்பா அறைக்குள் கால் வைத்தார். "மன்னிக்கணும். ஆண்களுக்கு அனுமதி இல்லை" என்று தாளைக் காட்டினேன்.

"சார், அவ என் பொண்ணு!"

"விதி பொதுவா எழுதியிருக்கு தம்பி."

அவர் முகம் சிவந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெட்கப்பட வேண்டுமோ? படவில்லை.

மார்ச் 18, சனி

ஐந்து அப்பாக்கள், ஒரு தாத்தா, மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர். எல்லோரையும் நிறுத்தினேன். "அப்ப ஃபேனை வெளியில நின்னு ஊதி ஓட்டவா பெருசு?" என்றார் அவர். உள்ளே என் இடத்தில் கதை வாசித்த அம்மாள் புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருடம் பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொடுத்தவன் நான். நிறம் மாறும் சொட்டு வரும்வரை கை அவசரப்படக் கூடாது.

மார்ச் 24

குழந்தைகள் அறைக்குப் புது அலமாரிகள். வாங்கித் தந்த கொடையாளரே நாளை திறந்து வைக்கிறாராம்.

கொடையாளர் ஆண்.

மார்ச் 25, சனி

செயலாளர் அம்மா கொடையாளரை அழைத்து வந்தார். எழுந்து வாசலை மறித்து நின்றேன்.

"சார், வழி விடுங்க."

"அனுமதி இல்லைம்மா. உங்க கையெழுத்து."

"விளையாடாதீங்க! இவரை எனக்கு எத்தனை வருஷமாத் தெரியும். இவரைப் போய்..."

"என்னையும் ஒன்பது வருஷமாத் தெரியும்."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்திய அப்பாக்களில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். கொடையாளர் தாளை நிதானமாகப் படித்தார். "எழுதினதைத்தானே இவர் செய்யறாரு" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

செயலாளர் அம்மாவின் கண்கள் கலங்கின. பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன்.

மார்ச் 26

மூன்று வேளையும் பசித்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 1, சனி

தாளைக் கிழித்துவிட்டார்கள். "மறுபடி வாசிக்க வாங்க சார். மனசுல வச்சுக்காதீங்க" என்றார் செயலாளர் அம்மா.

வைத்துக்கொள்வேன். அதே கதவில், அதே அளவுத் தாளில், 'இவ்விதி தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வருகிறேன் என்றேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் நிபந்தனை பேசியதில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை உருவினார். பிறகு பேனாவை எடுத்தார்.

ஏப்ரல் 8, சனி

பதினோரு மணிக்கு வாசித்தேன். பதினான்கு குழந்தைகள். பாதியில் செயலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "கதவைச் சாத்திக்குங்களேன் சார், வெளிச்சத்தம் வராது."

"திறந்தே இருக்கட்டும்மா. எல்லாரும் பார்க்கட்டும்."

வந்ததும் முதல் வேலையாகத் தடித்த அகராதி ஒன்றைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.