பதினான்காவது வரி

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்துக்குக் கிளம்பும்போது குழு மடல் வந்தது. ஓய்வு நேரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் நூலக மென்பொருளுக்கு ஓர் அறக்கட்டளை நிதி ஒதுக்கிவிட்டதாம். வெளியீட்டுப் பொறுப்பாளர் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம். தேர்வானவர் ஆந்தை.

குழுவில் தன் படமாக ஓர் ஆந்தையை வைத்திருப்பதால் எல்லாருக்கும் அவர் ஆந்தைதான். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஏழு வருடமாக ஒவ்வொரு பதிப்பையும் சோதித்து, மூட்டை கட்டி, வெளியே அனுப்பியவள் நான். சும்மா. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு. வயிறு எரிகிறது. என் நோட்டில் எழுதினால் என்ன — எரிகிறது.

மார்ச் 5

"நீ விண்ணப்பமே போடலையேம்மா?" என்றார் என் வீட்டுக்காரர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

போன மாதமே போட உட்கார்ந்தேன். 'உங்களுக்கு ஏன் சம்பளம் தர வேண்டும்?' என்று ஒரு பெட்டி. மூன்று நாள் திறந்து திறந்து மூடினேன். கடைசித் தேதி போய்விட்டது. சரி, நான் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 10

இனிச் சோதனைகள் தானாகவே நடக்குமாம். ஆந்தை பட்டியல் அனுப்பியிருக்கிறார். வரிசையாகப் பச்சை டிக்குகள். குழுவில் ஆகா, ஓகோ. எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு கட்டைவிரல் குறிகூட வந்ததில்லை.

நன்றாகத்தான் செய்திருக்கிறார். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவின் நூலகத்துக்குப் போனேன். இந்த மென்பொருள் வேலையில் நான் இறங்கியதே அவளுக்காகத்தான். அவள் மேசையில் இருப்பது, புத்தகம் எடுப்பவர்களுக்குச் சீட்டு அடிக்கும் பழைய அச்சு இயந்திரம். சின்ன நூலகங்கள் பலவற்றில் அதேதான். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் அதில் ஒரு சீட்டு அடித்துப் பார்ப்பேன்.

இன்னும் வெளியிடாத புதிய பதிப்பைப் போட்டு அடித்தேன். புத்தகத்தின் பெயர் வந்தது. திருப்பித் தரவேண்டிய தேதி வரவில்லை. விளிம்பில் வெட்டுப்பட்டு ஒரு கோடு மட்டும்.

"என்னடி, சரியா வருதா?"

"ம்" என்றேன். சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆந்தையிடம் சொல்லப்போவதில்லை. வெளியிடட்டும். நாலு நூலகத்தில் கத்தட்டும். சம்பளம் வாங்குறவர்தானே, பாத்துக்கட்டும்.

மார்ச் 20

இன்று வெளியீடு என்று சொல்லியிருந்தார். காலையிலிருந்து பத்து தடவை பார்த்துவிட்டேன். வரவில்லை. ஏன்?

மார்ச் 23

அக்கா போன் செய்தாள்.

"புதுசு எப்பதான் வரும்? பழசு, சரியான நாள்ல கொண்டு வந்தவங்களையும் தாமதம்னு காட்டுது. இன்னிக்கு ஒரு அம்மா எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டுப் போனாங்க. நீதான் சரியா வருதுன்னியே?"

"ஆந்தையைத்தான் கேக்கணும்" என்றேன்.

சீ. என்னை எனக்கே பிடிக்கல.

மார்ச் 25, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே குழு மடலைத் திறந்தேன். யாரோ ஆந்தையைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள்: சம்பளமும் வாங்கிட்டு என்ன தூக்கம்?

அவர் பதில்: "பதிமூணு சோதனை முடிஞ்சுது. பதினாலாவது, பழைய அச்சு இயந்திரம். அதை அவங்கதான் கையால பாப்பாங்க. அவங்க சரின்னு சொல்லாம வெளியிட மாட்டேன். அவங்களை அவசரப்படுத்தவும் மாட்டேன்."

அந்த 'அவங்க' நான்.

பட்டியலை மறுபடி திறந்தேன். பச்சை டிக்குகளுக்குக் கீழே பதினான்காவது வரி, டிக் இல்லாமல். பத்தாம் தேதியே இருந்திருக்கிறது. நான்தான் பச்சையைப் பார்த்த எரிச்சலில் பாதியிலேயே மூடிவிட்டேன்.

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படம் பிடித்தேன். அதன் தலையில் 'மார்ச் 16' என்று அச்சாகியிருந்தது. விரலால் அதை மறைத்து இன்னொரு படம் எடுத்தேன். என்ன பொம்பளை நான்? இரண்டாவது படத்தை அழித்துவிட்டு முதல் படத்தையே குழுவுக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: 'பதினாறாம் தேதியே பார்த்தேன். சொல்லவில்லை. பொறாமை.'

டப்பாவை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

மார்ச் 26

ஆந்தை தனியாக எழுதியிருக்கிறார்: "உங்க இடத்துல இருந்தா நானும் கொதிச்சிருப்பேன். ஆனா இத்தனை நாள் திட்டு வாங்கினது நானும் நூலகத்துல இருக்கறவங்களும்." முதல் வாக்கியத்துக்கு நன்றி எழுதினேன். இரண்டாவதற்கு மன்னிப்பு.

பிழையை மாலைக்குள் திருத்திவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

அக்காவின் நூலகத்தில் மறுபடி சீட்டு அடித்தேன். தேதி முழுதாக வந்தது. டிக் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதிப்பு வெளியானது.

அக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த புத்தகங்களை அடுக்கி முடித்தாள். பிறகு, "அந்த அம்மாகிட்ட நீயே போய் மன்னிப்புக் கேளு" என்றாள். கேட்டேன்.

நவம்பர் 9

அறக்கட்டளை மறுபடி விண்ணப்பம் கேட்டிருக்கிறது. இம்முறை இரண்டு பேருக்கு. அதே பெட்டி.

எழுதினேன்: 'பழைய அச்சு இயந்திரத்தில் சீட்டு அடித்துப் பார்ப்பவள் நான். ஒருமுறை, பார்த்ததைச் சொல்லாமல் ஒன்பது நாள் இருந்தேன். வெளியீடு எனக்காகக் காத்து நின்றது.'

பரிந்துரைப்பவர் யார் என்று கேட்டிருந்தது. ஆந்தையின் பெயரைப் போட்டேன். இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

அனுப்பிவிட்டேன்.