இறங்கும் முன் பெருக்கிய வீடு

மகள் சத்யபிரியா அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நம்பி, சுந்தரபாண்டியன் மத்தியானத்துக்கு மேல் வீட்டைப் பெருக்கிவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அவர் மனைவி பத்திரகாளி, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் அவருக்கு எழுதிக் கதவிடுக்கில் செருகினாள்.

"சாவி ஹுமாயூன் பாய் வீட்டிலே. நானும் அங்கனதான் இருப்பேன். சோறு வடிச்சிருக்கு, ரசத்தைச் சுட வச்சுக்கோங்க.

தோஹாவிலே காலையிலே எட்டுக்கு ஏறி, லாஸ் ஏஞ்சல்ஸ்லே மத்தியானம் ரெண்டுக்கு இறங்கிருவா, ஆறு மணி நேரந்தான்னு டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னீங்க. ரெண்டு மணிங்கிறது அந்த ஊரு மணியாம். பாய் மக ஆஷிகா சொல்லுதா, பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலயாம், பதினாறு மணி நேரமாம். பயணம் போனவ போய்ச் சேருமுன்னே பெருக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க வாரியலை எடுக்கும்போது பிள்ளை ஆகாசத்திலே இருந்திருக்கா. இப்பவும் அங்கனதான் இருக்கா.

ஆஷிகா செல்லிலே அந்த பிளேனைக் காட்டுனா. ரொம்ப நேரமா ஒரே இடத்திலே நிக்குது. சிக்னல் இல்லாட்டி அப்படித்தான் நிக்கும்ங்கா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லலை."

இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியது: "குப்பையை அள்ளியாந்து நடுவீட்டிலே திரும்பக் கொட்டியிருக்கேன். அவ கால் மண்ணும் அதிலேதான் கிடக்கு. மிதிச்சிராதீங்க."