பொரித்த அப்பள நிறம்

இன்று காலை பெயிண்ட் வாளியைத் திறந்ததும் வந்த வாசனையில், பின்னால் நீர் நிற்கிறீர் என்றே நினைத்து "ட்ரேயை எடும்வே" என்று சொல்லிவிட்டேன். ட்ரே வரவில்லை. நானே போய் எடுத்தேன். உயிரோடு இருந்தபோது மட்டும் சொன்னவுடன் எடுத்துத் தந்தவரா நீர்?

சேரன்மகாதேவியில் உம் வீட்டு முன்னறைதான். உம் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்த ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சுவரோடு சாய்ந்து விழும். ரோலர் எங்கே நின்று தொடர்ந்தது என்பதைப் பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஊருக்கெல்லாம் சீராக அடித்தவர் வீட்டிலேயே பட்டை தெரிந்தால், ஆற்றில் குளிக்கப் போக எனக்கு முகம் ஏது?

ஓரத்துக்கு பிரஷ் நான், பரப்புக்கு ரோலர் நீர். ஈரம் காய்வதற்குள் அடுத்த இழுப்பு விழவேண்டும் என்று நடுச்சுவரில் எதற்கும் நிற்கமாட்டீர். உம்மை நிற்கவைப்பதுதான் என் பொழுதுபோக்கு.

கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர், சுவருக்கு இந்த நிறம்தான் வேண்டும் என்று பொரித்த அப்பளம் ஒன்றைத் தந்து என்னைக் கடைக்கு அனுப்பினாரே. மறுநாள் அவர் வீட்டில் நீர் பாதிச் சுவரில் இருக்கும்போதுதான் சொன்னேன்: அதை பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன், கடையில் நிறம் சொன்னது நாக்கு ஞாபகத்தில் என்று. உம் தோள் குலுங்கியது, கை குலுங்கவில்லை. "பேசாம இரும்வே, ஈரம் காயுது" என்றீர். மூலைவரை போய், ரோலரை ட்ரேயில் கிடத்தி, தரையில் உட்கார்ந்த பிறகுதான் சிரித்தீர். என்னமோ ஏதோ என்று அப்பளக்காரர் ஓடிவந்தார்.

இன்று இரண்டு வேலையும் நானே. பெரிய சுவரில் பாதி தாண்டியபோது உம் வீட்டம்மா காப்பியோடு வந்து நின்றாள்.

"நீங்க சொல்லுத கதைய எல்லாம் அவுக இங்க வந்து சொல்லுவாவ, அண்ணே. முடிக்கதுக்கு முன்னாலயே சிரிச்சிருவாவ. அந்த அப்பளம் கடைக்குப் போச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்கு வந்தது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பார்க்க நேரமில்லை. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. இழுத்துக்கொண்டே போனேன். மூலை வந்ததும் ரோலரைக் கிடத்தினேன், உட்கார்ந்தேன், கண்ணைத் துடைத்தேன்.

"உக்காரு தாயி. அப்பளம் கடைக்குப் போவல."

சாயங்கால வெயில் வந்து சுவர் முழுக்கத் தேடியது, பட்டை அகப்படவில்லை. நீர் முடிக்காமல் விட்ட கதைகளின் முடிவெல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. இன்னும் அடிக்க வேண்டிய சுவர்கள் இருக்கின்றன. சுவருக்கு ஒரு கதையாக உம் வீட்டம்மாவிடம் சொல்லப்போகிறேன், மூலைக்குப் போன பிறகு.