வலது காதுப் பக்கம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து பனி. எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அண்ணனின் சாக்ஸ், என் சுவெட்டர்.

புது வேலை வந்திருக்கிறது. பெங்களூர் கம்பெனியின் வீடியோ கேம். கடைக்கு வருமுன் விளையாடிப் பார்த்து எங்கெங்கே உடைகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும், வழக்கம்போல. கடலில் மூழ்கிப்போன ஒரு நாடு, முழுக்க இருட்டு. ஒரு பெண், கையில் விளக்கும் துருப்பிடித்த வாளும், செத்துப்போன தம்பியைத் தேடி உள்ளே இறங்குகிறாள். அவள் காதில் ஓயாமல் குரல்கள். திரும்பிப் போ என்று, உன்னால்தான் செத்தான் என்று. ஹெட்போன் இல்லாமல் ஆட முடியாது. எந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் ஆட்டமே.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் எடுத்தேன். அருள் அண்ணனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்து நாலு வருடம். மாத்திரையில் குறைந்திருக்கிறது, போகவில்லை. அது எப்படி இருக்கும் என்று அவனிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

நவம்பர் 5, புதன்

மழை. மத்தியானம் கரண்ட் இல்லை. இதுவரை கண்ட பிழைகள்:

— வாள் வானத்தில் சிக்கிக்கொள்கிறது.
— படி ஏறும்போது அந்தப் பெண்ணின் ஒரு கால் காணாமல் போகிறது.
— கொம்பு வைத்த பூதம் அடிக்க ஓடி வந்து, சுவரைப் பார்த்து நின்றுவிடுகிறது. பாவமாக இருந்தது.

குரல்களில் பிழை இல்லை. பட்டப்பகலில் வேர்த்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றினால் வீட்டில் அப்படியொரு அமைதி. எங்கள் வீட்டுச் சட்டம் அது. அண்ணன் முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது. கிசுகிசுக்கக் கூடாது. டிவி மேல் துணி. மிக்ஸி, அவன் கொல்லைப்பக்கம் மிளகுக் கொடியைப் பார்க்கப் போன பிறகுதான். பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் குரல் அம்மாவுக்கு. இப்போது சாயங்கால ஜெபத்தில் உதடு மட்டும் அசைகிறது. டாக்டர் சொன்னதில்லை. நாங்களாக வைத்துக்கொண்டது, அவனுக்கு நல்லது என்று.

நவம்பர் 6, வியாழன்

சர்ச் பாட்டு மாஸ்டர் வந்தார். ஒரு பை ஆரஞ்சு. உட்காரும் முன்னே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அருளு, பதினாறாந்தேதி அறுப்பின் பண்டிகைங்க. அடிக்கொரலுல பேஸ் பாட ஆளே இல்லீங்க. செம்மநத்தத்துக்காரரு ஒருத்தரு இருக்கறாரு, அவரும் பாடறதவிட இருமறதுதான் அதிகம். நீங்க வந்து நின்னா நொம்ப நல்லாருக்குமுங்க."

அண்ணன் ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாக்கறனுங்க மாஸ்டர்."

முன்பு மலையில் மஞ்சக்குட்டை ஊருக்கு ஜீப் ஓட்டிக்கொண்டே பாடுவான். ஏறுகிறவர்கள் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பார்கள். பிறகு ஒரு ஞாயிறு, பாடகர் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, "நான் செய்ய மாட்டேன்" என்று யாருக்கோ சத்தமாகப் பதில் சொன்னான். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றையிலிருந்து கடைசி பெஞ்சு. வாய் திறப்பதில்லை. ஆனால் பாட்டுப் புத்தகம் மடியில் பிரிந்திருக்கும், பக்கமும் சரியாக இருக்கும்.

அவன் திரும்பப் பாட வேண்டும். எனக்கு அவ்வளவு ஆசை.

நவம்பர் 8, சனி

மத்தியானம். மூன்று வளைவு வாசலில் மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒன்றுதான் வழி, மற்ற இரண்டிலும் சாவு. எது என்று குரல்கள் சொல்லும், பெரும்பாலும் பொய். ஹெட்போன் போட்டிருந்ததால் அண்ணன் வந்தது தெரியவில்லை. திரும்பினால் பின்னால் நிற்கிறான். துள்ளிவிட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு என்ன, இப்பிடி முழிக்குது?"

"அவளுக்குக் காதுல குரல் கேக்கும்ணா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் தலைவலி.

அவன் ஹெட்போனுக்குக் கை நீட்டினான். கொடுக்கும் முன் செட்டிங்கில் குரல்களை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அதுதான் எனக்குத் தெரிந்த பாசம்.

"தண்ணிச் சத்தந்தானே வருது?"

"கம்மி பண்ணிட்டேன்."

"ஏன்? ஏத்து."

ஏற்றினேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் செத்தாள், மறுபடி செத்தாள். அண்ணன் சிரித்துவிட்டான். "இதுக்கு நம்முளுது தேவலாம் பாப்பா. தமிழ்ல பேசும்."

நானும் சிரித்தேன். சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். வலது காதுக்குப் பின்னால், எப்போதும் அதே இடம். ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை. ஆம்பளை ஒரு பஸ் கண்டக்டர் குரலாம். "சில்லறை இல்லீன்னு வையற மாதிரியே வைவான்."

"எப்பண்ணா அதிகமாக் கேக்கும்?"

"ஊடு கம்முன்னு இருக்கறப்ப." திரையைப் பார்த்தபடியே, "நீங்க ரெண்டு பேரும் பேசறதே இல்ல. அதுங்க மட்டுந்தான் எங்கூடப் பேசுதுங்க."

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் விட்டு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "எம் புள்ளைய நானே அதுங்ககிட்ட தனியா உட்டுட்டனா?" எழுந்து போய், அண்ணன் கூடத்தில் இருக்கும்போதே மிக்ஸியைப் போட்டாள். டிவி துணி இப்போது அடுப்படியில் பிடிதுணி.

சாயங்காலம் வாய்விட்டு ஜெபம். முதலில் குரல் பிசிறியது. பிறகு பிடித்துக்கொண்டது. குப்பனூர் சித்தி, அவள் மருமகள், மழையில் இறகு உதிர்ந்த எங்கள் கோழி, ஒருவரையும் விடவில்லை. முடிப்பாள் என்ற நம்பிக்கையே போய்விட்டது. அண்ணன்தான் பெரிதாக "ஆமென்" போட்டு நிறுத்தினான்.

இரவுச் சாப்பாட்டில் ரசத்தில் உப்பு அதிகம் என்று சண்டை. எத்தனை நாளாகிவிட்டது எங்கள் வீட்டில் சண்டை வந்து!

நவம்பர் 10, திங்கள்

சேலம் டாக்டருக்குப் போன். "மாத்திரைய மட்டும் விடாம பாத்துக்கங்க. பேசுங்க, பாடட்டும். வீட்ல சத்தம் இருந்தா தப்பில்லம்மா." இதை முன்பே கேட்டிருக்கலாம். அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மூன்று வளைவைத் தாண்டியாகிவிட்டது! அண்ணன்தான். வளைவைப் பார்க்காமல், அந்தப் பெண்ணைப் பின்னால் நடத்தி, முதுகு சுவரில் ஒட்ட நிறுத்தினான்.

"இப்ப கேளு. பின்னாலருந்து யாராச்சும் பேசினா பொய்யி. செவுத்துக்குள்ள ஆளு நிக்க முடியாதில்ல?"

மீதி ஒரே ஒரு குரல், முன்னாலிருந்து. அது சொன்ன வழியில் போனாள். பிழைத்தாள்.

அவன் ஏன் கடைசி பெஞ்சில் உட்காருகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் என்று நினைத்திருந்தோம். அங்கேதான் முதுகுக்குச் சுவர் இருக்கிறது.

"பாட நின்னா பின்னால செவுரு இல்லியே," என்றான். "பேஸ் வரிசையில நான்தான் கடைசி. வலது பக்கம் வெறும் காத்து. அங்க நெசமான ஆளு ஒண்ணு நின்னுச்சுன்னா, வர்ற கொரலு அந்த ஆளோடதான்னு கேட்டுப் பாத்துக்கலாம்."

"நான் நிக்கறேன்."

"நீ பொம்பளைங்க பக்கமில்ல?"

"நிக்கறேன்னு சொல்றேன்ல."

நவம்பர் 14, வெள்ளி

பாட்டுப் பயிற்சி. மாஸ்டரிடம் முன்னாலேயே போய்ச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். "வரிசை கெட்டுப்போயிருமுங்களே ஜான்சி."

"கெடட்டுமுங்க மாஸ்டர்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கீபோர்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். நல்ல மனிதர். ஆண்களோடு நின்றதில், பெண்களின் கீழ்க்குரலான என் ஆல்ட்டோ வழுக்கி பேஸுக்குப் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் வரவில்லை. சர்ச் படி வரை வந்தவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பிவிட்டானாம். வீட்டில் போர்வைக்குள் இருந்தான். "முடியல பாப்பா. இன்னிக்கு ரெண்டும் சேந்துக்கிச்சு."

பழைய வழக்கம் என்றால் கதவைச் சாத்திவிட்டு நகர்ந்திருப்போம். அம்மா போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "பரவால்ல சாமி," என்று ஆரம்பித்து, பூசணிக்காயில் எதைப் பண்டிகைக் காணிக்கை ஏலத்துக்குக் கொடுப்பது என்று அவனுக்குத் தூக்கம் வரும்வரை பேசினாள்.

நவம்பர் 15, சனி

அறிக்கை அனுப்பியாயிற்று. கம்பெனி மகிழ்ச்சி. சுவர் பூதத்தைச் சரிசெய்ய வேண்டாம் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை.

நாளைக்கு வருகிறாயா என்று அண்ணனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை அடுப்புக்கு மேல் கயிற்றில் காய்கிறது. நான் போடவில்லை, அம்மாவும் போடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில்! காணிக்கையாகக் கொடுத்த பூசணிக்காயை ஏலத்தில் அம்மாவே திரும்ப எடுத்துவிட்டாள். வேறு ஒருவரையும் விலை கேட்க விடாமல், சத்தம் போட்டே எடுத்தாள். சர்ச்சே திரும்பிப் பார்த்தது, அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

அது பிறகு. முதலில் பாட்டு. தூண்களில் கரும்பு, வாழைத்தார், யாரோ கொண்டுவந்த சேவல் பிரசங்கம் முழுக்கக் கூவியது. அண்ணன் கடைசி பெஞ்சில். மாஸ்டர் கை தூக்கினார். நான் ஆண்கள் வரிசையின் கோடியில் போய் நின்றேன், எனக்கு இடப்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு. முதல் சரணம் அந்த இடம் காலியாகவே போனது. பெண்கள் பக்கமிருந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பாடினேன்.

இரண்டாவது சரணத்தில் அண்ணன் எழுந்து நடுவழியில் நடந்து வந்தான். வந்து நின்றான். கொஞ்ச நேரம் உதடு மட்டும். பிறகு அந்தக் குரல், அடியிலிருந்து. மாஸ்டர் கீபோர்டைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதற்கு முன் இசை மட்டும் வரும் இடம். அண்ணன் உடம்பு விறைத்தது. மெல்ல என் பக்கம் திரும்பினான்.

"இப்பச் சொன்னது நீயா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணா."

"அப்பச் சரி," என்றான். மூன்றாவது சரணத்தை எனக்கு முன்னால் எடுத்தான்.