சாமை டிரம்மில் கிடந்த பாஸ்போர்ட்

என்னங்க,

கண்ணமங்கலத்திலிருந்து பசியோடு வருவீர்கள். சாமைச் சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சோறாக்க டிரம்முக்குள் கையை விட்டபோதுதான் என் பாஸ்போர்ட் கிடைத்தது. எலி இழுத்துப் போட்டிருந்தால் பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருக்காது.

மூன்று நாள் என்கூடவே தேடினீர்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா நதியா, ஆபீஸ்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று என்னையே கேட்டீர்கள். நானும் சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடந்து போய், தொலைத்துவிட்டேன் என்று எடிட்டரிடம் அழுதேன்.

ஆறு வருடமாகப் போர் நடக்கும் ஊர்களிலிருந்து செய்தி எழுதுகிறேன். அங்கே யார் எது சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுவேன். வீட்டில் சரிபார்க்கத் தோன்றவில்லை.

பயந்துதான் செய்திருப்பீர்கள். "போவாத" என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

பத்து மணி பஸ்ஸில் கிளம்புகிறேன். சாவி பக்கத்து வீட்டு மங்கம்மாள் அக்காவிடம்.

நதியா

மாடியில் புளி காய்கிறது. மழை வந்தால் அள்ளிவிடுங்கள்.

இன்னொன்று. எனக்கு ஏதாவது ஆனால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஆபீஸில் எழுதி வாங்குவார்கள். இதுவரை உங்கள் பெயரைத்தான் எழுதினேன். இந்தத் தடவை என் தங்கை நிவேதா பெயர். அவளுக்கு எதையும் ஒளித்து வைக்கத் தெரியாது. உங்களுக்கு உடனே சொல்லிவிடுவாள்.